பதினாலு லோடு மண்

பிப்ரவரி 9

அண்ணா,

போன் பண்ணினா நீ கத்துவ, நான் அழுவேன், ரெண்டு பேரும் பாதியில வெச்சிடுவோம். அதனால எழுதுறேன்.

நானும் பொண்ணும் கிளம்பி இந்த ஊருக்கு வந்து நாப்பது நாள் ஆச்சு. உன்கிட்ட சொல்லாம வந்தது தப்புதான். ஆனா அதுக்கு முந்தின நாள் நீ வாசல்ல நின்னு சொன்னதை என்னால இன்னும் முழுங்க முடியல. "பிள்ளை கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அதுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினா பாக்கிறவன் சிரிப்பான்"னு சொன்ன.

மந்தம் இல்லை அண்ணா. அவ ரத்தத்துல ஈயம் இருக்கு.

இங்க ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி, ஒரு எண்ணைச் சுத்தி வட்டம் போட்டுக் காமிச்சாங்க. உடம்புல துளிகூட இருக்கக் கூடாத சாமானாம் அது. அடிக்கடி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டாளே, அதுக்கும் அதான் காரணம். முகம் வெளுத்துப் போனது, தெரிஞ்ச எழுத்தையெல்லாம் மறந்தது, கூப்பிட்டா திரும்பாம இருந்தது, எல்லாத்துக்கும் அதேதான். 'வாலு'ன்னு நீதானே அவளுக்குப் பேர் வெச்ச? இங்க வார்டுல உக்கார வெச்ச இடத்திலேயே உக்காந்திருக்கா. நர்ஸுங்க "எவ்வளவு அமைதியான பொண்ணு"ன்னு கன்னத்தைக் கிள்ளுறாங்க.

வீட்டுல பழைய பெயின்ட் உரிஞ்சு விழுதா, குழாய் என்ன குழாய்னு டாக்டரம்மா ஒவ்வொண்ணா கேட்டாங்க. வீட்டுல யாராவது பேட்டரி வேலை பாக்கிறாங்களான்னாங்க. எங்கண்ணன் பேட்டரி உடைக்கிற பட்டறையில டிப்பர் லாரி ஓட்டுறார், பக்கத்து வீடுதான்னேன். பேனாவை மூடி வெச்சாங்க. "உங்க வீட்டு மண்ணு எங்க இருந்து வந்ததும்மா?"ன்னாங்க.

எனக்கு பதில் தெரியல. வீடு கட்டுறதுக்கு முன்னாடி பள்ளத்தை மேடாக்க நீ கொண்டுவந்து கொட்டினியே பதினாலு லோடு, அது எந்த இடத்து மண்ணு? ஒரு வரி எழுதினா போதும்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைச்சது. நாப்பது நாள் கழிச்சு அண்ணன் ஞாபகம் வந்ததே, பெரிய விஷயம்.

வாலுக்கு உடம்பு சரியில்லைன்னு படிச்சதும் அன்னிக்கு வண்டி எடுக்க முடியல, லீவு போட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா பெரிய வியாதியாத்தான் சொல்லுவான். நானும் இருபத்திரண்டு வருஷமா அந்தப் பட்டறையிலதான் கிடக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேனே, எனக்கு என்ன ஆச்சு?

அந்த மண்ணைப் பத்திக் கேட்டிருக்க. அந்த மனை இருந்த லட்சணம் மறந்து போச்சா? மச்சான் போனப்புறம் கைப்பிள்ளையோட நீ நின்னப்ப, உனக்குன்னு ஒரு கூரை வேணும்னு தேடி, நம்ம கைக்கு எட்டினது அந்தக் குட்டைதான். இடுப்பளவு தண்ணி, தவளைச் சத்தம். "இதுல வீடு கட்டினா மீனுக்குத்தான் வாடகைக்கு விடணும்"னு எல்லாரும் கேலி பண்ணினாங்க. ஏழு ஞாயித்துக்கிழமை லீவை விட்டுக்குடுத்துட்டு, நான் ஒருத்தனா அள்ளி வந்து நிரப்பினேன். அஞ்சு வருஷத்துல உன் வீட்டுச் சுவத்துல ஒரு கீறல் உண்டா? தெருவுல எல்லார் வீட்டுலயும் மழைக்குத் தண்ணி ஏறினப்ப உன் அடுப்படி நனைஞ்சுதா? அந்த மண்ணைப் போய் குத்தம் சொல்ற.

உன் வீடு பூட்டித்தான் கிடக்கு. பின்னாடி கத்திரிச் செடி நல்லா காய்க்குது, நான்தான் பறிச்சு சமைக்கிறேன். வேலை விட்டு வந்தா பேச ஆளில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டு செய்தி வாசிக்கிறவனுக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவனும் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போகாம இருந்தா சரி.

வாலுவைக் கேட்டதா சொல்லு.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

ரெண்டு பக்கம் எழுதியிருக்க. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்லை. உனக்குப் பதில் தெரியலைன்னா ஒரே வரியில தெரியலைன்னு எழுதியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?

இங்க எங்க நிலைமையைச் சொல்றேன், கேட்டுக்கோ. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துலயே வேலை கிடைச்சிருக்கு. பெட்ஷீட் ஈரத்தோட சூடான இஸ்திரி உருளைக்குள்ள போய் அந்தப் பக்கம் மொடமொடன்னு வரும். ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடிச்சு மடிக்கணும். எனக்கு எதிர்முனை பிடிக்கிற அம்மா வேற பாஷை. நாள் முழுக்க முகத்துக்கு முகம் பாத்து நிக்கிறோம், ஒரு வார்த்தை கிடையாது. பகல்ல வாலு வார்டுல இருப்பா, சாயந்திரம் அவளைக் கூட்டிக்கிட்டு வந்தா ஒரு ரூம், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய அடுத்த கட்டடத்துச் சுவரு. வாலு பேசறதும் குறைஞ்சு போனதால சில நாள் என் குரலே எனக்கு மறந்து போகுது.

மாத்திரைக் குப்பியைத் திறந்தா அழுகின முட்டை வாசனை. முழுங்க வைக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் வேர்த்துப் போறோம். மாத்திரை ரத்தத்துல இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கும், ஆனா மூளைக்குள்ள போய் உக்காந்தது என்ன பண்ணியிருக்குன்னு வளர வளரத்தான் தெரியும்னு சொல்றாங்க. நல்லா ஆனதும் திரும்ப அதே மண்ணுல கொண்டுபோய் விட்டா, இவ்வளவும் வீண்.

அவ மண்ணைத் தின்னா அண்ணா. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாசப்படியில உக்காந்து, ஈர மண்ணை விரல்ல தொட்டுத் தொட்டு. ஈயத்துக்கு லேசா ஒரு இனிப்பு இருக்குமாம், டாக்டரம்மா சொன்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு எதைத் தின்னாலும் வாய்ல நிக்க மாட்டேங்குது.

நீ பதில் எழுத வேண்டாம். மண்ணே பதில் சொல்லட்டும். கையுறை போட்டுக்கிட்டு வாசல்ல ஒரு பிடி, கொல்லையில ஒரு பிடி, அரை அடி தோண்டி ஒரு பிடி எடுத்து, தனித்தனி பையில கட்டி, எது எங்கன்னு மேல எழுதி, நான் இதோட வெச்சிருக்கிற விலாசத்துக்கு அனுப்பு. அது மண் பரிசோதனைக்கூடம். கத்திரிக்காயைத் தொடாத.

தங்கச்சி


மார்ச் 8

தங்கச்சி,

மூணு பையும் அனுப்பிட்டேன். ரசீது என்கிட்ட இருக்கு.

எழுதி எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது தாள்.

அது பட்டறை மண்ணுதான். பின்பக்கம், உடைக்கிற இடத்துல இருந்து அள்ளினது. பழைய பேட்டரியை மேல் மூடியில வெட்டி, உள்ள இருக்கிற ஆசிட்டைத் தரையில கவுத்துட்டு, தகட்டை உருவி உலையில போடுவோம். தளம் போடச் சொல்லி மேஸ்திரி ரெண்டு தடவை கேட்டார். தளம் போட்டா பத்து நாள் வேலை நிக்கும்னு முதலாளி விட்டுட்டார். அப்புறம் அங்க புதுக் கொட்டகை போடணும்னு வந்தப்ப, மேல் மண்ணை அள்ளி வெளிய போடணும்னு ஆச்சு. "எங்கயாவது கொட்டுப்பா"ன்னார் முதலாளி. உன் குட்டைதான் உடனே என் நினைப்புக்கு வந்தது.

கேக்காததையும் சொல்லிடுறேன். அந்த இடத்துல புல்லு முளைக்காது. சுத்தி எல்லா இடத்துலயும் முழங்கால் உயரம் வளந்து கிடக்கும், அங்க மட்டும் மொட்டை. நான் தினம் பாத்த இடம். எனக்கு அது கெட்டதாத் தோணல. வேர் இல்லாத சுத்தமான மண்ணு, கெட்டியா அமரும்னு சந்தோஷப்பட்டேன். சத்தியமா அவ்வளவுதான் என் புத்தி.

இன்னொண்ணும் இருக்கு. உனக்குப் போட்டது போக மிச்சம் கிடந்தது. தெருவுல அக்கம்பக்கம் கேட்டாங்க. தையல்காரர் வீட்டுக்கு மூணு லோடு. எதிர்வீட்டு நர்ஸம்மாவுக்கு ரெண்டு. மளிகைக்கடை முன்னாடி ஒண்ணு. இப்படி மொத்தம் ஒன்பது வீடு. கடைசியா மழலைப் பள்ளிக்கூடத்து முற்றம், அஞ்சு லோடு. பள்ளிக்கூடத்துல எனக்கு மாலை போட்டு கைதட்டினாங்க, நீயும் இருந்த.

பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாத. ஒருவேளை ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்.

என்னை என்ன வேணா திட்டு. வாலு எப்படி இருக்கா, அதை மட்டும் எழுது.

அண்ணன்


மார்ச் 15

யார்கிட்டயும் சொல்லாதன்னு எழுத உனக்குக் கை வந்துதா?

நீ முடிவுக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த முற்றத்துல முப்பது பிள்ளைங்க உருண்டு புரண்டு எழுந்து, அதே கையோட சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குது. நர்ஸம்மாவோட சின்னவன் இப்பதான் தவழ ஆரம்பிச்சிருப்பான்.

உனக்குத் தெரியாம செஞ்சது வேற. மார்ச் எட்டுல இருந்து தெரிஞ்சு செய்யுற.

நான் ஒண்ணும் சுத்தம் இல்லை. அவ மண்ணைத் தின்னப்ப "எல்லாப் பிள்ளையும் தின்னுறதுதான்"னு வாயைத் துடைச்சு விட்டது நான். உன் பட்டறைச் சட்டையை அவ பாவாடையோட ஒரே வாளியில ஊற வெச்சது நான். அதை நினைச்சுக்கிட்டு உருளை முன்னாடி நிக்கிறேன், எதிர்முனைக்காரம்மா என் கண்ணைப் பாத்துட்டு, பெட்ஷீட்டை மட்டும் கொஞ்சம் மெதுவா இழுத்தாங்க.

வீடு வீடா போய் உன் வாயால சொல்லு. சொல்லி முடிச்சுட்டு எழுது. அதுவரைக்கும் உன்கிட்ட இருந்து எந்தக் கடிதமும் எனக்கு வேண்டாம்.


ஏப்ரல் 2

தங்கச்சி,

சொல்லிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி டீச்சரம்மா முற்றத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. புழுதி எழும்புது. "கூட்டாதீங்கம்மா"ன்னு கத்திட்டேன். துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னு எல்லாத்தையும் கேட்டாங்க. "அஞ்சு வருஷமா?"ன்னாங்க. ஆமான்னேன். "எத்தனை பிள்ளைங்க இங்க படிச்சுட்டுப் போயிருக்கு தெரியுமா?"ன்னாங்க. தெரியலைன்னேன். கேட்டைச் சாத்திப் பூட்டிட்டு, வர்ற பிள்ளைங்களைத் திருப்பி அனுப்ப வெளியிலேயே நின்னாங்க.

தையல்காரர் மொதல்ல சிரிச்சார். "மண்ணுல என்னய்யா இருக்கு, சும்மா வந்து பீதியைக் கிளப்புற"ன்னார். வாலு பேரைச் சொன்னேன். சிரிப்பு நின்னுடுச்சு. மிஷின்ல இருந்த துணியைப் பாத்துக்கிட்டே, "என் பெரியவன் மூணாம் வகுப்புல ரெண்டாவது வருஷம். முட்டாப்பயன்னு அடிச்சிருக்கேன்யா அவனை"ன்னார். என்னால அங்க நிக்க முடியல, நின்னேன்.

மளிகைக்கடைக்காரர், "ஓசியில குடுத்தப்பவே நினைச்சேன்"னார். நர்ஸம்மா முழுசா கேட்டாங்க. உள்ள போய், தரையில கிடந்த சின்னவனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, அவன் ரெண்டு கையையும் குழாய்ல காமிச்சுக் கழுவினாங்க. கழுவிக்கிட்டே இருந்தாங்க. நான் கிளம்புற வரைக்கும் தண்ணி ஓடுற சத்தம் நிக்கல.

ஒன்பது வீடும் முடிச்சு முதலாளிகிட்ட போனேன். "நான் உன்னை தெருவுல கொட்டச் சொன்னேனா? ஏத்தினது நீ, இறக்கினது நீ. வாயை மூடிக்கிட்டு இருந்தா வேலை இருக்கும்"னார். தெருவுல வீடு வீடா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் வர்றேன்னேன். வண்டிச் சாவியை வாங்கிக்கிட்டார்.

நேத்து பரிசோதனை முடிவு வந்தது. இதோட வெச்சிருக்கேன். பிள்ளைங்க விளையாடுற இடத்துல இவ்வளவுதான் இருக்கலாம்னு ஒரு அளவு போட்டிருக்கான். உன் வாசல்ல அதைப்போல முப்பது மடங்கு. ஆழத்துல எடுத்த பையில அதுக்கும் மேல. மழை கழுவிக் கொண்டுபோயிருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஈயம் எங்கயும் போகாதாம். போட்ட இடத்துல அப்படியே உக்காந்திருக்குமாம், நாம செத்தப்புறமும்.

தெருவுல இப்ப என்கிட்ட யாரும் பேசுறதில்லை. நான் வந்தா கதவு சாத்துற சத்தம் வரிசையா கேக்குது. அது நியாயம்தான்.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

நர்ஸம்மா எனக்கு போன் பண்ணினாங்க. இருபத்தாறு பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுத்ததுல பதினேழு பேருக்கு அதிகமாம். அவங்க சின்னவனுக்கு ரொம்பக் கொஞ்சம்தான், இப்பவே பிடிச்சதால. அதை மூணு தடவை சொன்னாங்க, "இப்பவே பிடிச்சதால"ன்னு. உன்னைப் பத்தி அவங்களும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

வாலுக்கு எண்ணு பாதியா குறைஞ்சிருக்கு. நேத்து மாத்திரையைத் துப்பிட்டு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு, காலைப் பிடிச்சு இழுத்தா என்னை உதைச்சா. நான் சந்தோஷத்துல தரையிலேயே உக்காந்துட்டேன்.

ஆனா உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். மன்னிச்சுட்டேன்னு எழுத இன்னும் கை வரல. நீ போனதும் சொன்னதும் சரிதான். அதுக்காக நடந்தது நடக்காம போகாது.

போன கடிதத்துல உன் எழுத்து கோணல் மாணலா இருந்துச்சு. உன் ரத்தத்தைப் பாத்தியா இல்லையா? கல்லு மாதிரி இருக்கேன்னு கதை விடாத.

தங்கச்சி


மே 20

தங்கச்சி,

பாத்தாச்சு. வாலுவோடதை விட எனக்கு ரெண்டு பங்குக்கு மேல. மணிக்கட்டு சில சமயம் தூக்க மாட்டேங்குது, டம்ளரு நழுவுது, அதான் எழுத்து அப்படி. எனக்கும் அதே அழுகின முட்டை மாத்திரைதான். அவ ஏன் கட்டிலுக்கு அடியில போனான்னு இப்ப புரியுது.

அதிகாரிங்க வந்துட்டாங்க. பட்டறைக்கு சீல் வெச்சாச்சு. முதலாளி மேல வழக்கு, என்னையும் கூப்பிட்டு எழுதி வாங்கினாங்க. உள்ளதை உள்ளபடி சொன்னேன், என் பங்கையும் சேத்து.

மண்ணை அள்ள ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. எந்த மூலையில எத்தனை லோடு, எவ்வளவு ஆழம்னு எந்தத் தாள்லயும் இல்லை, என் தலையிலதான் இருக்கு. அதனால தினம் காலையில முகமூடியும் கையுறையும் போட்டுக்கிட்டு பொக்லைன் முன்னாடி நின்னு, "இங்க ரெண்டு அடி, அங்க மூணு"ன்னு கை காட்டுறேன். புழுதி பறக்காம தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அள்ளி, தார்ப்பாய் மூடி, அடியில கனமான விரிப்பு போட்ட குழிக்குக் கொண்டுபோறாங்க. நான் சிரிச்சுக்கிட்டே கொட்டினதை அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஆளுங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அள்ளுறாங்க. பள்ளிக்கூடம்தான் மொதல்ல. அங்க முடிஞ்சுது.

உன் வீட்டைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மத்த வீட்டுக்கெல்லாம் சுத்தி அள்ளினா போதும். உன் வீடு அந்த மண்ணு மேலதான் நிக்குது. அஸ்திவாரத்துக்கு அடியில வரைக்கும் போகணும்னு இஞ்சினியர் சொல்லிட்டார். திங்கக்கிழமை இடிச்சாங்க. உன் அடுப்படிச் சுவரு மட்டும் சீக்கிரம் விழல. நான் கட்டினதாச்சே. மூணாவது இடியில விழுந்தது. இப்ப பழையபடி பள்ளம். நேத்து மழைக்கு அடியில தண்ணி நிக்குது.

சாயந்திரம் எல்லாரும் போனப்புறம் கொஞ்ச நேரம் அதோட ஓரத்துல உக்காந்திருந்தேன். ரேடியோ போடவும் தோணல.

அண்ணன்


ஜூன் 1

அண்ணா,

வீடு போனதுக்கு நான் அழல. திறந்து உள்ள போக முடியாத வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? அடுப்படிச் சுவரு விழலைன்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் அழுதேன்.

இங்க வந்துடு. டாக்டரம்மா உன்னையும் பாக்கிறேன்னு சொன்னாங்க. சலவைக் கூடத்துல மூட்டை இறக்க ஆள் வேணும், கை சரியாகிற வரைக்கும் துணி எண்ணுற வேலை தருவாங்க. ஆனா எதையும் எடுத்துக்கிட்டு வராத. சட்டை, செருப்பு, படுக்கை, அந்த ரேடியோ, ஒண்ணுமே வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல புதுத் துணியோட நான் நிக்கிறேன். குளிச்சு மாத்திக்கிட்டுதான் அவகிட்ட போகணும். உன்னோட முன்ன மாதிரி பேசுவேன்னு வாக்கு குடுக்க மாட்டேன். பக்கத்துல உக்காருவேன்.

வாலு "மாமா ஏன் வரல"ன்னு கேக்கிறா. நேத்து நாலு தடவை கேட்டா. மாமாவுக்கு நிறைய வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் எத்தனை நாள் அதையே சொல்றது?

தங்கச்சி


ஜூன் 9

தங்கச்சி,

உன் கடிதத்தை வாசப்படியில உக்காந்து படிச்சேன். தையல்காரர் அந்தப் பக்கமா போனவர் நின்னு, "தங்கச்சிகிட்ட இருந்தா?"ன்னார். ரெண்டு மாசத்துல அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. ஆமான்னேன். "பொண்ணு எப்படி இருக்கா?"ன்னார். உதைக்கிறாளாம்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

இப்ப வர முடியாது. இன்னும் மூணு வீடு பாக்கி. மளிகைக்கடை முன்னாடி நான் கொட்டினதுக்கு மேல அவர் வேற மண்ணு போட்டு மூடியிருக்கார். எது எதுன்னு என்னை விட்டா காட்ட ஆளில்லை. நான் கிளம்பிட்டா குத்துமதிப்பா அள்ளிட்டுப் போயிடுவாங்க, மிச்சம் உள்ளேயே கிடக்கும். கடைசி லோடு தார்ப்பாய் மூடி தெருமுனை திரும்பினதும், அன்னிக்கே பஸ் ஏறுறேன். நீ சொன்ன மாதிரி வெறும் ஆளா வர்றேன்.

வாலு கேட்டா வேலைன்னு சொல்லாத. பொய் வேண்டாம். மாமா ஒரு பெரிய தப்பு பண்ணிட்டார், அதை அள்ளிக்கிட்டு இருக்கார், அள்ளி முடிச்சதும் வருவார்னு சொல்லு.

என்ன தப்புன்னு கேப்பா. அதை நான் வந்து சொல்றேன்.

அண்ணன்